"மிக எளிது" என்று போட்ட ஓரிகாமி எல்லாம் சிறு பிள்ளைக்கு எளிதா? கோடைக்கான மடிப்புகள் பற்றி ஓர் இழை

மே 2, காலை (கேள்வி)

"மகனுக்கு நாலு வயது. விடுமுறையில் வீட்டிலேயே செய்ய ஏதாவது வேண்டுமே என்று கோடைக்கால ஓரிகாமி, அதாவது தாள் மடிப்பு, தேடினேன். எல்லாவற்றிலும் 'மிக எளிது' என்றுதான் போட்டிருக்கிறது. மூன்றாவது படத்திலேயே தாளை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். மீதியை நான் மடிக்கிறேன். ஏழு வயதுக்குக் கீழே ஓரிகாமி என்பது பெற்றோர் தங்களையே ஏமாற்றிக்கொள்ளும் வேலை. யாராவது மறுத்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்."

மே 2, இரவு

பாதி மறுக்கிறேன். கோளாறு வயதில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. பட்டியல் போடுகிறவர்கள் படிகளை எண்ணி முடிவு செய்கிறார்கள். நாலு படி என்றால் எளிது, பத்துப் படி என்றால் கடினம். சின்னப் பிள்ளையோடு ஒரே மேசையில் உட்கார்ந்து மடித்தவர்களுக்குத் தெரியும், கணக்கு அப்படி ஓடாது.

நான் பார்த்தவரை மடிப்புகள் மூன்று ரகம். முதலாவது, சேர்க்கும் மடிப்பு. இந்த மூலையை அந்த மூலைமேல் வை, இந்த விளிம்பை நடுக்கோட்டோடு சேர். எங்கே போக வேண்டும் என்பது தாளிலேயே இருக்கிறது. மூன்றரை வயதில் இதைச் செய்கிற பிள்ளைகள் உண்டு. கோணலாகத்தான் வரும், ஆனால் வரும். இரண்டாவது, உத்தேச மடிப்பு. "முனையைக் கொஞ்சம் கீழே மடி", "மூன்றில் ஒரு பங்கு விட்டு மடி". கொஞ்சம் என்றால் எவ்வளவு? பெரியவர்களே இங்கே முழிப்போம். மூன்றாவது, திறந்து அமுக்கும் மடிப்பு. மடிந்திருக்கும் பகுதியை விரலால் விரித்து, வேறு வடிவத்தில் தட்டையாக்க வேண்டும். ஒரு கை பிடிக்க, இன்னொரு கை வேறு திசையில் தள்ள வேண்டிய இடம்.

உங்கள் மகன் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்தானே, அந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது ரகமாகத்தான் இருக்கும்.

எதைச் செய்வதானாலும் பிள்ளை தூங்கும்போது நீங்கள் ஒருமுறை மடித்துப் பார்த்து, ஒவ்வொரு படியும் எந்த ரகம் என்று கவனியுங்கள். முதல் ரகம் மட்டுமே என்றால் பத்துப் படி இருந்தாலும் ஓடும்.

மே 3

தாள் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஓரிகாமித் தாள் என்று விற்பது பெரும்பாலும் 15 செ.மீ. சதுரம், ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை. அது இல்லையென்றால் ஏ4 தாளே போதும். ஏ4 என்பது 210க்கு 297 மி.மீ. ஒரு மூலையைக் குறுக்கே இழுத்து, குட்டை விளிம்பை நீள விளிம்போடு சேர்த்து மடித்து, மிஞ்சுகிற பட்டையை வெட்டினால் 21 செ.மீ. சதுரம் கிடைக்கும். வெட்டிய பட்டை 8.7 செ.மீ. அகலம் இருக்கும். அதை எறிய வேண்டாம், வேலை இருக்கிறது.

தவிர்க்க வேண்டியவை: சார்ட் அட்டை, ஜிகினாத் தாள். அட்டையில் மடிப்புக் கோடு நேராக விழாது, பிஞ்சு விரலுக்கு அழுத்தமும் போதாது. ஜிகினாத் தாள் ஒருமுறை மடித்த கோட்டை மறக்கவே மறக்காது. தப்பாக மடித்துப் பிரித்தால் கீறல் கீறலாக நிற்கும்.

இன்னொன்று. எந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் வழவழவென்று மடியும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். "இந்தப் பக்கம் மடிய மாட்டேங்குது" என்று பிள்ளை சொன்னால் சாக்குப்போக்கு என்று நினைக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறது. மடிக்காமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் இளக்கம் என்று கையே சொல்லும்.

அப்புறம், மின்விசிறியை நிறுத்துங்கள். கோடையில் சொல்லக்கூடாத யோசனைதான். வேறு வழியில்லை.

மே 5, காலை

எதில் தொடங்குவது என்பதற்கு என் பதில் ஐஸ்கிரீம் கூம்பு.

வெள்ளைப் பக்கம் மேலே இருக்கட்டும். சதுரத்தை வைரம்போல் ஒரு முனை நம்மைப் பார்க்க வையுங்கள். மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு ஒரு நடுக்கோடு வேண்டும். அதற்காக இடது மூலையை வலது மூலையோடு சேர்த்து மடித்துப் பிரியுங்கள். இனி கீழ் முனையில் சந்திக்கும் இரண்டு விளிம்புகளையும் அந்த நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து சேருங்கள். பட்டம்போல் ஒரு வடிவம் வரும். கீழே கூர்மையாக நிறப்பகுதி, மேலே ஒரு வெள்ளை முக்கோணம். கூம்பும் ஐஸ்கிரீமும் தானாகவே வந்தாயிற்று. மேல் முனையையும் பக்க முனைகளையும் பின்னால் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி மடித்தால் உருண்டையாகத் தெரியும். வெள்ளைப் பகுதியில் க்ரேயானால் என்ன வேண்டுமானாலும் தூவலாம். ஒரு குழந்தை நீல ஐஸ்கிரீமில் மூக்கு வரைந்தது. ஏன் என்று கேட்டேன், "அதுக்கு சளி" என்றது.

தாளின் இரண்டு பக்கமும் வேறு நிறமாக இருக்க வேண்டியது இதற்காகத்தான். மடிப்பதும் நிறம் மாறுவதும் ஒரே நேரத்தில் நடப்பதைப் பிள்ளை பார்க்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நிறம் என்றால் அந்த வேடிக்கை போய்விடும்.

அதே பட்டத்திலிருந்து திமிங்கலமும் வரும். மேலே இருக்கும் வெள்ளை முக்கோணத்தை இரண்டு நிற மடிப்புகள் மேலும் படியும்படி கீழே மடியுங்கள். பிறகு மொத்தத்தையும் நடுக்கோட்டில் நீளவாக்கில் பாதியாக மடித்து, கூர்மையான முனையை மேலே தூக்கி மடித்தால் வால். ஒரு கண் வரையுங்கள். நிற்கவும் செய்யும்.

ஒரே தொடக்கத்தில் இரண்டு பொருள் கிடைப்பதால் இரண்டாவது தாளுக்கு உங்கள் உதவி பாதிதான் தேவைப்படும். மறுநாள் மூன்றாவது தாளை எடுக்கும்போது உங்களிடம் கேட்காமலே பட்டம் வரைக்கும் போய்விடுவார்கள்.

மே 5, பிற்பகல்

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். திமிங்கலத்தின் வால் உத்தேச மடிப்புதானே? ஐஸ்கிரீமின் உருண்டையும் அதேதான். ஆனால் பிள்ளைகள் அங்கே திணறுவதில்லை, ரசிக்கிறார்கள். வால் நீளமாக இருந்தாலும் திமிங்கலம், குட்டையாக இருந்தாலும் திமிங்கலம்.

ஆகவே இரண்டாவது ரகத்தையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கடைசியில் வரும் உத்தேச மடிப்பு விளையாட்டு. முதலில் வரும் உத்தேச மடிப்பு வம்பு, ஏனென்றால் அடுத்த படிகள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. இதை வைத்து மற்ற மாதிரிகளையும் சோதித்துப் பார்க்கிறேன்.

மே 8

தர்பூசணித் துண்டு. பல இடங்களில் சொல்லியிருக்கும் முறையில் முதல் படியே "அடி விளிம்பை ஒரு விரல் அகலம் மேலே மடி" என்று தொடங்குகிறது. பச்சைத் தோலுக்காக. அந்த விரல் அகலம் ஒருபக்கம் ஒன்றாகவும் மறுபக்கம் இரண்டாகவும் போனால் மீதிப் படிகள் எல்லாம் சாய்ந்துவிடும். முதலில் வரும் வம்பு மடிப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

நான் வரிசையை மாற்றிச் செய்கிறேன். பச்சைத் தாள், பின்பக்கம் வெள்ளை.   சதுரத்தைச் சரிபாதியாக வெட்டுங்கள். 15 செ.மீ. தாளானால் 15க்கு 7.5 என்று இரண்டு பட்டைகள், அதாவது இரண்டு துண்டுகள், சண்டை இல்லை. பச்சைப் பக்கம் மேலே, நீள விளிம்பு நம் பக்கம். பட்டையைக் குறுக்கே பாதியாக மடித்துப் பிரித்து நடுக்கோடு போடுங்கள். இப்போது மேல் மூலைகள் இரண்டையும் நடுக்கோட்டை ஒட்டிக் கீழே இறக்குங்கள். அகலம் உயரத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு என்பதால் மூலைகள் அடி விளிம்பின் நடுவில் போய்க் கச்சிதமாக உட்காரும். இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒரு முக்கோணம் தயார். முன்பக்கம் முழுவதும் சிவப்பு க்ரேயானாலும் பின்பக்கம் பச்சை க்ரேயானாலும் தீட்டுவது பிள்ளையின் வேலை. இதற்கே நேரம் போகும், அதுவும் நல்லதுதான்.

கடைசியாக அடி விளிம்பை எவ்வளவு வேண்டுமானாலும் மேலே மடிக்கட்டும். பின்பக்கத்துப் பச்சை முன்னால் வந்து தோலாகிவிடும். பட்டையின் இரண்டு நுனிகளும் காதுபோல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அவற்றைப் பின்னால் மடித்துவிடுங்கள். தோல் தடிமனாக வந்தால் காய், மெல்லியதாக வந்தால் பழம். இந்த விளக்கம் என் சின்னவனுடையது, எனக்கு ஆட்சேபம் இல்லை.

கருப்புப் புள்ளிகள் விதை. எத்தனை என்று எண்ணச் சொன்னால் கணக்கும் ஆயிற்று. ஆனால் இதையும் பாடமாக்கிவிடாதீர்கள்.

மே 9

"வெட்டினால் அது ஓரிகாமியே இல்லை" என்று ஒருவர். "க்ரேயானும் கூடாது" என்று இன்னொருவர். நல்ல வேளை, பசையைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. அதுவும் வரப்போகிறது.

ஒரே சதுரம், வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது என்ற கறார் பிற்பாடு வந்து கெட்டிப்பட்டது. பொழுதுபோக்குக்காக மடிக்கும் ஓரிகாமி பற்றிக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது என்று சொல்லப்படும் நூல் 1797இல் ஜப்பானில் அச்சானது. அதில் இருப்பதெல்லாம் ஒரே தாளில் வெட்டுகள் போட்டு, மூலைக்கு மூலை ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சதுரங்களாக்கி மடிக்கும் கொக்குக் கூட்டங்கள். கத்தரி இல்லாமல் அந்த நூலே கிடையாது. நாலு வயதுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

மே 12

விசிறி. எல்லாக் கோடைக்காலப் பட்டியலிலும் முதலிடம் இதற்குத்தான். என் கணக்கில் இது கடினமான ரகம். "ஒரு விரல் அகலம் மடி, திருப்பு, அதே அகலம் மடி" என்கிறார்கள். முதல் மடிப்பே உத்தேசம், அடுத்து வருவதெல்லாம் அதைப் பார்த்துக் காப்பி அடிக்க வேண்டும். பிள்ளை மடித்தால் ஒரு பக்கம் கம்பியாகவும் மறுபக்கம் பலகையாகவும் போய் முடியும்.

இதைச் சேர்க்கும் மடிப்பாக மாற்ற வழி இருக்கிறது. ஏ4 வெட்டும்போது எடுத்து வைத்த பட்டை (21க்கு 8.7) இதற்குத்தான். குட்டை விளிம்புகள் இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கிப் பிரியுங்கள். இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து பிரியுங்கள், நாலு பாகம். ஒவ்வொரு ஓரத்தையும் தூரத்தில் இருக்கும் கால்கோட்டுக்குக் கொண்டுபோய், பிறகு பக்கத்தில் இருக்கும் கால்கோட்டுக்கும் கொண்டுவந்து பிரித்தால் எட்டு. ஒவ்வொன்றும் சுமார் 2.6 செ.மீ. சின்னக் கைக்கு எட்டே போதும். உங்களுக்குப் பொறுமை இருந்தால் பதினாறாக்கலாம், 1.3 செ.மீ. வரும். இனி ஏற்கெனவே விழுந்த கோடுகளில் முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி மடிக்க வேண்டியதுதான். மாற்றி மடிப்பது பிள்ளைக்குக் குழப்பும். "மடி, தாளைக் கவிழ், மடி, தாளைக் கவிழ்" என்று சொன்னால் கை எப்போதும் ஒரே திசையில் மடித்தால் போதும், குழப்பம் போய்விடும். இதைப் பாட்டாகச் சொன்னால் இன்னும் நல்லது. நான் பாடினால் பிள்ளைகள் எழுந்து போய்விடுகிறார்கள், அதனால் சொல்வதோடு சரி.

ஒரு முனையில் நூல் கட்டினால் விசிறி. நடுவில் கட்டினால்? இரண்டு பக்கமும் விரித்து, பக்கத்து ஓரங்களைப் பசையால் ஒட்டினால் முழு வட்டம், அதுதான் சூரியன். குறுக்களவு 8.7 செ.மீ. இங்கே தயங்கி ஒருவர் கேட்கலாம், பட்டை போதுமா என்று. அந்த வட்டத்தின் சுற்றளவு சுமார் 27 செ.மீ. பட்டை இரண்டு பக்கமும் விரிவதால் நம்மிடம் இருப்பது 42 செ.மீ. தாராளம். மிச்சம் இருப்பதுதான் கதிராக மடிந்து நிற்கிறது. எட்டு மடிப்பை விடப் பதினாறு மடிப்பில் இது அழகாக வரும்.

மே 12, இரவு

பசை வந்துவிட்டது. முன்பே சொன்னேன்.

மே 13

இன்னும் எளிய சூரியன் வேண்டும், மூன்று வயது என்று ஒருவர் கேட்டார். ஒரே அளவில் இரண்டு மஞ்சள் சதுரங்கள். ஒன்றன்மேல் ஒன்றை, மேலே இருப்பதன் மூலைகள் கீழே இருப்பதன் விளிம்பு நடுவில் வரும்படி திருப்பி ஒட்டுங்கள். எட்டு முனை. மடிப்பே இல்லையே என்றால், ஒட்டுவதற்கு முன் இரண்டையும் மூலைக்கு மூலை மடித்துப் பிரிக்கச் சொல்லுங்கள், கோடுகள் கதிராகத் தெரியும். மூன்று வயதுக்கு அதுவே நிறைய வேலை.

மே 17

கோப்பை. தாள் கோப்பையில் தண்ணீர் நிற்கும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள், அதனால்தான் இது எனக்குப் பிடிக்கும். செய்து முடித்த பிறகு அதற்கு ஒரு வேலை இருக்கிறது. பெட்டிக்குள் போய் உட்காரும் பொம்மை இல்லை.

குறுக்கே மடித்து முக்கோணமாக்கி, நீள விளிம்பு கீழே இருக்க வைத்தால், அடுத்த படி "இடது மூலையை வலது விளிம்புக்குக் கொண்டுபோ" என்பதுதான். விளிம்பில் எங்கே? படத்தில் ஒரு புள்ளி இருக்கும், தாளில் இருக்காது. நட்ட நடுவில் வந்திருக்கும் உத்தேச மடிப்பு. பல பேர் கோப்பை சாய்ந்து போவது இங்கேதான்.

தீர்வு தாளிலேயே இருக்கிறது. முன்னடுக்கின் இடது சாய்வு விளிம்பை அடி விளிம்போடு சேர்த்து லேசாக அழுத்திப் பிரியுங்கள். அந்தக் கோடு வலது சாய்வு விளிம்பைத் தொடும் இடம்தான் நாம் தேடும் இடம். அங்கே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். "மூலை போய் நட்சத்திரத்தைத் தொடட்டும்" என்று சொல்லிவிட்டால் நாலு வயது தானாகச் செய்யும். இடது மூலை ஸ்டிக்கரைத் தொட்டதும் அதன் மேல் விளிம்பு அடியோடு இணையாகப் படுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வலது மூலை எதிர்ப்பக்கத்துக்குப் போகும். மேலே நிற்கும் இரண்டு முக்கோண இதழ்களில் முன்னது முன்பக்கப் பைக்குள்ளே, பின்னது பின்னால். வாயைத் திறந்தால் கோப்பை.

சாதாரணத் தாளில் தண்ணீர் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு அடி ஊறித் தளர்ந்துவிடும். பட்டர் பேப்பரில் மடித்தால் தாக்குப்பிடிக்கும், குடிக்கவும் செய்யலாம். அச்சடித்த தாளில் மடித்ததில் குடிக்க வேண்டாம், செடிக்கு ஊற்றலாம். எந்தத் தாளில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று வரிசையாக வைத்துப் பார்ப்பது பெரிய பிள்ளைகளுக்கு நல்ல பொழுது. பெரிய தாளில் மடித்துக் கவிழ்த்தால் வெயிலுக்குத் தொப்பியும் இதுவேதான்.

மே 20

இழை கொஞ்சம் விலகுகிறது, விலகட்டும். "மடிப்பதால் பிள்ளைக்கு என்ன பயன்" என்று கேட்டவருக்கு.

சின்னப் பிள்ளைகளுக்குத் தாள் மடிப்பதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஃபிரீட்ரிஷ் ஃப்ரோபெல். 1837இல் ஜெர்மனியில் பிளாங்கன்பர்க்கில் அவர் தொடங்கியதுதான் பிறகு கிண்டர்கார்டன் என்று பெயர் பெற்றது. அவர் வழியில் வந்த ஆசிரியர்கள் மடிப்புகளை மூன்றாக வைத்தார்கள்: வாழ்க்கையில் காணும் பொருள்கள், அறிவுக்கான வடிவங்கள், அழகுக்கான வடிவங்கள். படகும் திமிங்கலமும் முதல் வகை. சதுரத்தை மடித்து முக்கோணம், அதைப் பாதியாக்கினால் இன்னொரு முக்கோணம் என்பது இரண்டாவது.

அந்த இரண்டாவது வகையைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனவர் டி. சுந்தர ராவ். வெறும் தாள் மடிப்பால் வடிவியல் சொல்லும் அவருடைய நூல் 1893இல் சென்னையில் வெளியானது. கிண்டர்கார்டனின் தாள் மடிப்புப் பயிற்சிதான் யோசனையைக் கொடுத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். ஃபெலிக்ஸ் கிளைன் போன்ற கணித அறிஞர் அதைக் கவனித்துக் குறிப்பிட்ட பிறகு வெளிநாட்டிலும் பதிப்பு வந்தது.

நேற்றுக் கோப்பையில் ஸ்டிக்கர் ஒட்ட இடம் கண்டுபிடித்தோமே, கோணத்தைச் சரிபாதியாக்கும் வேலை அது. பிள்ளையிடம் சொல்ல வேண்டாம், நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மே 21

'நேற்று' என்று எழுதிவிட்டேன், கோப்பை 17ஆம் தேதி. நாட்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன, விடுமுறை.

மே 24

பிள்ளைகள் மடிக்காமல், நாம் மடித்து அவர்களை ஏமாற்றுகிற ஒன்று: ஜப்பானியப் பிள்ளைகள் விளையாடும் ஏமாற்றுப் படகு. காற்றாடி மடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பாதி வழி தெரிந்த மாதிரிதான். நாலு விளிம்பும் நடுவுக்கு, மூலைகளை வெளியே இழுத்து அமுக்கு, பிறகு இதழ்களைத் திருப்பி வைத்தால் பாய்மரம் நிமிர்ந்த ஒரு படகு. திறந்து அமுக்கும் மடிப்பு நிறைய. அதனால் பெரியவர் வேலை என்று கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாய்மரத்தின் நுனியைப் பிள்ளை இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். "கண்ணை மூடு. விடாதே. விட்டால் படகு போய்விடும்." கண் மூடியிருக்கும்போது படகின் இரண்டு முனைகளையும் நீங்கள் சத்தமில்லாமல் கீழே மடக்குகிறீர்கள். "கண்ணைத் திற." கையில் இருப்பது படகின் முனை. பாய்மரம் எங்கோ வேறு பக்கம் நிற்கிறது. நான் விடவே இல்லையே என்று கத்துவார்கள். அப்புறம் உங்களைக் கண்ணை மூடச் சொல்வார்கள், நீங்கள் மூட வேண்டும், அவர்கள் மடக்குகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும், திறந்ததும் ஆச்சரியப்பட வேண்டும்.

என் அனுபவத்தில் பிள்ளைக்கு ஓரிகாமியில் ஆசை வருவது தன் கையால் ஒன்றைச் செய்து முடித்தபோது மட்டுமில்லை. தாள் ஒரு வித்தை காட்டியதைப் பார்த்தபோதும் வருகிறது. இழையைத் தொடங்கியவர் "மீதியை நான் மடிக்கிறேன்" என்று வருத்தப்பட்டார். வருத்தப்பட வேண்டிய இடம் வேறு. பிள்ளை மடிக்க வேண்டியதை நாம் பிடுங்கி மடிப்பதுதான் கெட்டது. இது நான் மடிப்பது, அது நீ மடிப்பது என்று முதலிலேயே பிரித்துக்கொண்டால் எந்தக் குறையும் இல்லை.

மே 31

வேகமாகச் சில.

மீன்: குறுக்குக் கோடுகள் இரண்டும் ஒரு பக்கம் மடித்துப் பிரி, தாளைக் கவிழ்த்து நேர்கோடு ஒன்று மடித்துப் பிரி. இப்போது நடுவில் விரலால் குத்தினால் தாள் 'டப்'பென்று உள்வாங்கும். இந்த 'டப்'புக்காகவே பத்து மீன் கேட்பார்கள். பக்கங்களை உள்ளே தள்ளி முக்கோணமாகத் தட்டையாக்கி, முன்னடுக்கின் இரண்டு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கே மடித்தால் வால். திறந்து அமுக்கும் ரகம்தான். ஆனால் கோடுகள் முன்பே விழுந்திருப்பதால் தாள் தானாகப் போய் உட்காரும். மூன்றாவது ரகத்தைப் பழக்க இதுதான் நல்ல வாசல்.

சில்வண்டு: ஜப்பானில் கோடைக்கென்றே மடிக்கும் பழைய மாதிரி. முக்கோணம், இரண்டு மூலையும் உச்சிக்கு, அவற்றையே சாய்வாகக் கீழே இறக்கினால் சிறகு. உச்சியின் முன்னடுக்கு கீழே, பின்னடுக்கு கொஞ்சம் இடைவெளி விட்டுக் கீழே, பக்கங்கள் பின்னால். உத்தேச மடிப்பு எல்லாம் கடைசியில்தான், அதனால் ஐந்து வயதுக்குத் தைரியமாகக் கொடுக்கலாம்.

தாவும் தவளை: இதற்கு மட்டும் கெட்டியான அட்டை நல்லது. பின்னால் போடும் இசட் மடிப்புதான் ஸ்பிரிங். மெல்லிய தாளில் தவளை படுத்துக்கொள்ளும். மடிப்பது ஏழு வயதுக்கு மேல், தாவ வைப்பது எந்த வயதும்.

பட்டாம்பூச்சி, நண்டு: எனக்கு ஆர்வமில்லை. யாராவது எழுதுங்கள்.

ஜூன் 6

எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன், எல்லாம் தலைகீழாக வருகிறது என்றவருக்கு: பக்கத்தில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் உங்கள் இடது அவர்களுக்கு வலது. 'இடது, வலது' என்ற சொற்களையே விட்டுவிட்டு ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம் என்று சொன்னாலும் சரி.

மடிக்கும்போது கீழிருந்து மேலே மடிப்பதே பிள்ளைக்கு வசதி, கை எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பக்கவாட்டில் மடிக்க வேண்டிய படி வந்தால் கையை முறுக்கச் சொல்லாமல் தாளைத் திருப்பி வைத்துக் கீழிருந்து மேலே மடிக்கச் சொல்லுங்கள். மேசைமேல் வைத்து மடிக்கட்டும், காற்றில் பிடித்து மடித்தால் கோணல்தான். முதலில் மூலைகள் சேர்ந்ததா பார், ஒரு கையால் பிடி, பிறகு மறு கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவு. நகம் போதாவிட்டால் கரண்டியின் பின்பக்கம்.

படத்தில் இருக்கும் கோடுகளின் மொழி அவர்களுக்கு வேண்டாம். துண்டுக் கோடு பள்ள மடிப்பு (முன்னால் மடிப்பது), துண்டும் புள்ளியும் மாறி வந்தால் மலை மடிப்பு (பின்னால் மடிப்பது) என்று ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிஸாவா வகுத்தது 1954இல் வந்த அவர் நூலால் பரவி, இன்று உலகம் முழுக்க அதுதான். உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஜப்பானிய நூலையும் ஒரு சொல் படிக்காமல் மடித்துவிடலாம். தாளை ஈரப்படுத்தி மடித்து வளைவுகள் கொண்டுவரும் முறையும் அவர் உருவாக்கியதே. என் சின்னவனும் திமிங்கலத்தை வாளிக்குள் அமுக்கி அதையே முயன்றுகொண்டிருக்கிறான்.

ஜூன் 14

காகிதக் கப்பலைப் பற்றி ஏன் ஒரு வார்த்தையும் இல்லை என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும் என்று விட்டேன். ஆனால் கேள்வி நியாயமானது: தொப்பி வரை வருகிறது, அங்கிருந்து வைரமாக மாறும் இடத்தில் ஆறு வயது மகள் அழுகிறாள்.

திறந்து அமுக்கும் ரகம், அதுவும் இரண்டு முறை. தொப்பிக்குள் இரண்டு கட்டைவிரலையும் விடச் சொல்லுங்கள். வாயைப் பெரிதாகத் திறந்தபடியே இரண்டு ஓரங்களும் ஒன்றையொன்று தொடும்வரை விரிக்கட்டும். பாதியில் நிறுத்துவதால்தான் சிக்கல் வருகிறது. தொட்டதும் விளிம்புப் பட்டைகளின் நுனிகள் ஒன்றையொன்று இடிக்கும், ஒன்றை மற்றதன் கீழே செருகுங்கள். அந்தச் செருகலை நீங்கள் செய்யுங்கள், அமுக்குவதை அவள் செய்யட்டும். கீழ் முனைகள் இரண்டையும் மேலே மடித்து, இரண்டாம் முறை திறக்கும்போது அவளே செய்வாள், ஏனென்றால் கைக்கு ஏற்கெனவே தெரியும். கடைசியில் இரண்டு முனைகளையும் பிடித்து இழுக்கும் படி கட்டாயம் அவளுடையது. அதை மட்டும் நாம் செய்யக்கூடாது.

மிதக்க விடுவதாக இருந்தால் மடிப்பதற்கு முன்பே தாளின் அடியில் வரும் பகுதியில் க்ரேயானை அழுத்தித் தேயுங்கள். மெழுகு இருக்கும் இடத்தில் தண்ணீர் சட்டென்று ஊறாது. எந்தப் பகுதி அடியில் வரும் என்று தெரியாவிட்டால் ஒரு கப்பலை மடித்து, அடியில் பேனாவால் குறி போட்டு, பிரித்துப் பாருங்கள். வெள்ளைத் தாளில் வெள்ளை க்ரேயான் தேய்த்தால் தேய்த்த இடமே தெரியாது, வேறு நிறம் எடுங்கள்.